மீன் தொட்டியின் பகலும் இரவும்

உங்களில் சிலர் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பீர்கள். மற்றவர்கள் நண்பர் வீட்டிலோ கடையிலோ பார்த்திருப்பீர்கள். செடிகள் வளரும் ஒரு தொட்டியை மாலை ஐந்து மணிக்குப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. பச்சை இலைகளின் மேல் வெள்ளி மணிகள் போலச் சிறு குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மீன்கள் துள்ளி விளையாடும்.

அதே தொட்டியை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, விளக்கைப் போடாமல், எப்போதாவது பார்த்ததுண்டா? பெரும்பாலானோர் பார்த்திருக்க மாட்டோம். நானும் பார்த்ததில்லை. ஒரு நாள் பார்க்க நேர்ந்தது. அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2021 நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் ஓரமாக இரண்டடி நீளத் தொட்டி ஒன்று உண்டு. சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் வேலம்பாசியும், நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியாவும் செழித்து வளர்ந்திருந்தன. பன்னிரண்டு மீன்கள். காற்றைக் குமிழியாக விடும் சிறிய மோட்டார் இரவெல்லாம் கடகடவென்று சத்தம் போடும். "இத்தனை செடி இருக்கும்போது மோட்டார் எதற்கு?" என்று நினைத்து, ஒரு வாரமாக இரவில் அதை நிறுத்தி வைத்துவிட்டேன். நான்கைந்து நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இரண்டு நாட்கள் சூரியனே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் காலை என் மகள் என்னை எழுப்பினாள். ஒன்பது மீன்கள் செத்து மிதந்தன. மீதி மூன்றும் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஏழாம் வகுப்பில் படிக்கும் அவள் அழுதுகொண்டே கேட்டாள்: "செடி பிராணவாயு கொடுக்கும்னு நீங்கதானே அப்பா சொன்னீங்க?"

இயற்பியல் பாடம் நடத்துகிறவனாகிய எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. நான் சொன்னது பொய்யன்று. ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பாதி உண்மையின் வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி 1771ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தார். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவத்தி எரிந்து அணைந்துவிட்டால், அந்தக் காற்றில் மறுபடியும் வத்தி எரியாது. ஆனால் அதே குடுவையில் ஒரு புதினாத் தளிரைச் சில நாட்கள் வளரவிட்டால், மீண்டும் வத்தி எரிந்தது. கெட்ட காற்றைச் செடி நல்ல காற்றாக்குகிறது என்று அவர் கண்டார்.

இதைக் கேள்விப்பட்ட யான் இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர் 1779ஆம் ஆண்டுக் கோடையில், லண்டனுக்கு அருகே ஒரு வீட்டில் தங்கி, 500க்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். இலைகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்தார். இலைகளிலிருந்து குமிழிகள் கிளம்பின. நிழலிலும் இருளிலும் வைத்தால் குமிழிகள் நின்றுபோயின. அது மட்டுமன்று, இருளில் இருந்த செடி, தன்னைச் சுற்றியிருந்த காற்றை நல்லதாக்காமல் கெடுத்தது! அதாவது, காற்றைத் திருத்துவது செடி மட்டுமன்று. செடியும் வெயிலும் சேர்ந்துதான்.

இதை இன்று நாம் இரண்டு செயல்களாகப் பிரித்துச் சொல்கிறோம். ஒன்று ஒளிச்சேர்க்கை. ஒளி இருக்கும்போது பச்சையம் கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரை ஆக்குகிறது, பிராணவாயு வெளியேறுகிறது. மற்றொன்று சுவாசம். சர்க்கரையைப் பிராணவாயுவின் உதவியால் சிதைத்துச் சக்தி பெறுவது. அப்போது கரியமில வாயு வெளியேறுகிறது. ஒளிச்சேர்க்கைக்குப் பகல் வேண்டும். சுவாசத்துக்குப் பகலும் இரவும் ஒன்றே. மீன் மட்டுமன்று, செடியும், நத்தையும், அடிமண்ணில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் இருபத்துநான்கு மணி நேரமும் சுவாசிக்கின்றன. பகலில் செடியின் வரவு அதன் செலவைவிட அதிகம். இரவில் வரவே இல்லை, செலவு மட்டும்தான்.

ஆகவே என் தொட்டியில் செடிகள் மிகுதியாக இருந்தது இரவில் மீன்களுக்குத் துணையாக அமையவில்லை. பங்கு கேட்கும் வாய்கள்தான் அதிகமாயின.

தொட்டியின் கையிருப்பு எவ்வளவு?

"50 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவுக்குக்கூடப் பிராணவாயு இருக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரின் ஒரு லிட்டரில் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நீர் சூடாக ஆக, கரையும் வாயு குறைகிறது. ஆனால் காற்றிலோ, ஒரு லிட்டரில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. மீன் வாழும் உலகம் நம்முடையதைவிட முப்பது மடங்குக்கு மேல் வறுமையானது!

லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 50 லிட்டர் தொட்டியில் மொத்தம் 400 மில்லிகிராம். ஒன்றரை லிட்டர் காற்றில் இருக்கும் பிராணவாயு அவ்வளவே. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு முறை இழுக்கும் மூச்சு சுமார் அரை லிட்டர். ஆகவே நாம் மூன்று முறை மூச்சு இழுக்கும்போது உள்ளே போகும் காற்றில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறதோ, அவ்வளவுதான் அந்தத் தொட்டி முழுவதன் கையிருப்பு.

இனி இரவுச் செலவைப் பாருங்கள். செடி, மீன், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் செலவழிப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரத்தில் 6 மில்லிகிராம் போய்விடும். மாலையில் 8 இருந்தால் விடியலில் 2 மிஞ்சும். மீன்கள் திணறும், ஆனால் பிழைக்கக்கூடும். வெயில் இல்லாத நாளில் மாலையில் 6தான் இருந்தது என்றால்? விடியலில் பூஜ்யம். மேற்பரப்பு வழியாகக் காற்றிலிருந்து சிறிது வருவதால் உண்மையில் பூஜ்யமாகிவிடாது. ஆனாலும் மீன்களுக்கு அது போதாது. நான்கைந்து நாட்கள் ஒன்றும் ஆகாமல், மேகமூட்டத்துக்குப் பிறகு மீன்கள் மடிந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

மீன் வளர்ப்புக் குளங்களிலும் இதுவே நடக்கும். பாசி மிகுந்து பச்சைப் பசேலென்று இருக்கும் குளத்தில், மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியலில் கெண்டை மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாய் பிளக்கும். அனுபவமுள்ள குளத்துக்காரர்கள் உடனே காற்றூட்டும் எந்திரத்தை ஓடவிடுவார்கள். அல்லது பம்பினால் தண்ணீரை வாரி இறைப்பார்கள். கொஞ்சம் அயர்ந்தால் ஓர் ஆண்டு உழைப்பு ஒரே காலையில் மிதந்துவிடும்.

மேலே காற்று இருக்க, கீழே ஏன் பஞ்சம்?

நீருக்கு மேலே பிராணவாயு ஏராளம். அது ஏன் விரைந்து உள்ளே இறங்கி வரக்கூடாது? இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது.

அசையாத நீரில் ஒரு வாயு தானாகப் பரவுவதை விரவல் என்கிறோம். மூலக்கூறுகள் முட்டி மோதி நகர்வதால் நடப்பது இது. ஒரு தொலைவுக்கு விரவ ஆகும் காலத்தைத் தோராயமாகக் காண ஒரு வாய்பாடு உண்டு: தொலைவின் வர்க்கத்தை, விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நீரில் பிராணவாயுவின் விரவல் எண், வினாடிக்குச் சுமார் 0.00002 சதுர சென்டிமீட்டர். தொட்டியின் ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால், 900ஐ 0.00004ஆல் வகுங்கள். 2 கோடியே 25 லட்சம் வினாடிகள்! அதாவது ஏறக்குறைய 260 நாட்கள். அதே தொலைவைக் காற்றில் கடக்க முக்கால் மணி நேரம்கூட ஆகாது. காற்றில் விரவல் பதினாயிரம் மடங்கு வேகமானது.

அப்படியானால் மீன்கள் உயிரோடிருப்பதே கலக்கத்தால்தான். மீன்களின் நீச்சல், இரவில் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்குவதால் உண்டாகும் ஓட்டம், இவையெல்லாம் நீரைக் கலக்குகின்றன. காற்று மோட்டார் செய்வதும் முக்கியமாக இதுவே. குமிழிகள் தம்மிலுள்ள பிராணவாயுவைக் கொடுப்பதைவிட, மேலே எழும்போது அடிநீரையும் இழுத்துக்கொண்டுவந்து காற்றின் முன் நிறுத்துகின்றன என்பதே பெரிய உதவி.

மற்றொரு நாடகம்: அமிலமும் காரமும்

பிராணவாயு ஏறி இறங்கும்போது, கரியமில வாயு எதிர்த்திசையில் இறங்கி ஏறுகிறது. இங்கே தமிழ்ப் பெயரே ஒரு பாடம் நடத்துகிறது. கரி, அமிலம், வாயு ஆகிய மூன்றும் சேர்ந்ததே கரியமில வாயு. கரியிலிருந்து வரும் இந்த வாயு நீரில் கரைந்தால் அமிலம் உண்டாகிறது. சோடாத் தண்ணீரின் இலேசான புளிப்பு இதனால்தான்.

ஆகவே இரவில் கரியமில வாயு சேரச் சேர, நீர் அமிலத்தின் பக்கம் சாய்கிறது. பகலில் செடிகள் அதை உறிஞ்ச உறிஞ்ச, காரத்தின் பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வை அளக்கும் அளவுகோல்தான் பி.எச். இதை 1909ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரிலிருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சென் என்னும் வேதியியலார் புகுத்தினார். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இது மடக்கை அளவுகோல் என்பதை மறக்காதீர்கள். ஓர் எண் மாறினால், ஹைடிரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு மாறியிருக்கிறது என்று பொருள்.

நம் கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் பைகார்பனேட் உப்பு கரைந்திருக்கும். தொட்டி நீரின் பி.எச்.ஐப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பைகார்பனேட்டுக்கும் கரைந்த கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதமே. மூலக்கூறுக் கணக்கில் இரண்டும் சமமாக இருந்தால், 25 டிகிரியில் பி.எச். 6.35. பைகார்பனேட் பத்து மடங்கானால் 7.35. நூறு மடங்கானால் 8.35. ஒரே நாளில் பைகார்பனேட் அதிகமாக மாறுவதில்லை. மாறுவது கரியமில வாயு. அது பாதியானால் பி.எச். 0.3 ஏறும், ஏனெனில் இரண்டின் மடக்கை 0.3010.

நாங்கள் எடுத்த அளவுகள்

மீன்கள் மடிந்த பிறகு, மிஞ்சிய மூன்றையும் மோட்டாருடன் வேறு தொட்டிக்கு மாற்றினோம். செடிகளும் நத்தைகளும் மட்டும் இருந்த பழைய தொட்டியை, நல்ல வெயில் அடித்த ஒரு நாளில், மாலை முதல் மறுநாள் வரை நானும் மகளும் அளந்தோம். பி.எச்.ஐ அளக்க ஒரு சிறிய மீட்டர். பிராணவாயுவை அளக்க, ஹங்கேரி நாட்டு வேதியியலார் வின்க்லர் 1888ஆம் ஆண்டில் வகுத்த முறை. சிறு புட்டிகளில் நீரை எடுத்து, மருந்துகளைச் சேர்த்து மூடி வைத்து, கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நண்பர் ஒருவரின் உதவியோடு தரம்பார்த்தோம். கிடைத்தவை இவை (பிராணவாயு, லிட்டருக்கு மில்லிகிராமில்):

மாலை 5 மணி: பிராணவாயு 10, பி.எச். 8.1
இரவு 10 மணி: பிராணவாயு 7, பி.எச். 7.4
பின்னிரவு 2 மணி: பிராணவாயு 5, பி.எச். 7.2
காலை 6 மணி: பிராணவாயு 3, பி.எச். 7.0
நண்பகல் 12 மணி: பிராணவாயு 7, பி.எச். 7.3

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மாலையில் பிராணவாயு 10. காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரில் 8தான் இருக்க முடியும் என்றோம். காற்றுக்குத் தப்பிப் போவதைவிட வேகமாகச் செடிகள் உற்பத்தி செய்ததால், தெவிட்டு நிலையையும் தாண்டிவிட்டது. இலைமேல் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருப்பது இதன் அடையாளம்.

இரண்டாவது, மாலை 5 முதல் இரவு 10க்குள் பி.எச். 0.7 இறங்கியது. அதன்பின் எட்டு மணி நேரத்தில் 0.4தான் இறங்கியது. இரவின் பிற்பகுதியில் சுவாசம் ஓய்ந்துவிட்டதா? இல்லை. பிராணவாயு தொடர்ந்து குறைந்துகொண்டே வந்திருப்பதைப் பாருங்கள். எங்கள் நீரின் பைகார்பனேட் அளவைக் கொண்டு கணக்கிட்டால், கரியமில வாயு மாலையில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம், இரவு 10 மணிக்கு 5, காலையில் 12. 1லிருந்து 5 ஆவது ஐந்து மடங்கு. ஐந்தின் மடக்கை 0.70. 5லிருந்து 12 ஆவது 2.4 மடங்கு, அதன் மடக்கை 0.38. மடக்கை அட்டவணை எதற்குப் பயன்படும் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்!

மூன்றாவது, "உங்கள் தொட்டி நீரின் பி.எச். என்ன?" என்று யாராவது கேட்டால், "எத்தனை மணிக்கு?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். மாலையில் அளந்துவிட்டு, "அடடா, காரமாகிவிட்டதே" என்று கடையில் விற்கும் அமில மருந்தை ஊற்றுகிறவர்கள் உண்டு. அன்றிரவு தானாகவே இறங்க இருந்த பி.எச்., மருந்தினால் மேலும் கீழே போய்விடும். நோயில்லாத தொட்டிக்கு மருந்து கொடுத்து நோயாக்கும் செயல் இது.

இலைமேல் சுண்ணாம்பு

வாலிஸ்னேரியா, வேலம்பாசி போன்ற செடிகளின் இலைகளில் சில சமயம் வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு படிவு காணப்படும். அழுக்கு என்று எண்ணித் தேய்த்துவிடுவோம். உண்மையில் அது சுண்ணாம்பு.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியாக ஊதினால் பால் போலாகும் என்பது உங்களுக்குத் தெரியும். கரையாத கால்சியம் கார்பனேட் உண்டாகிறது. மேலும் மேலும் ஊதிக்கொண்டேயிருந்தால் மறுபடியும் தெளிந்துவிடும். கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறிவிடுவதே காரணம். இந்தச் சோதனையைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். பைகார்பனேட் கரைந்த நீரிலிருந்து கரியமில வாயுவைப் பிடுங்கினால் சுண்ணாம்பு வெளிப்பட வேண்டும். இந்தச் செடிகள் செய்வது அதையே. நீரில் கரியமில வாயு தீர்ந்துபோனதும், இவை பைகார்பனேட்டையே உடைத்து அதிலிருந்து கரியைப் பெற்றுக்கொள்கின்றன. மிஞ்சும் சுண்ணாம்பு இலைமேல் படிகிறது. எல்லா நீர்ச்செடிகளுக்கும் இந்தத் திறமை இல்லை. கபோம்பா போன்றவை கரைந்த கரியமில வாயுவையே நம்பி வாழ்பவை.

மாலையிலும் ஓர் ஆபத்து

விடியலில் பிராணவாயுப் பஞ்சம் என்றால், மாலை நேரம் முழுக்கப் பத்திரமானதா? அதுவும் இல்லை.

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பழகிய தொட்டியில் பாக்டீரியாக்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதிய தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருகியிருக்கமாட்டா. அப்போது அம்மோனியா சேரும். இது நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம் அயனி, தீமை குறைவு. மற்றொன்று அம்மோனியா மூலக்கூறு. செவுள் வழியே எளிதில் புகுந்து மீனைக் கொல்லக்கூடியது. எந்த வடிவம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது பி.எச்.

25 டிகிரியில், பி.எச். 7 என்றால் நச்சு வடிவம் ஏறக்குறைய 175இல் ஒரு பங்கு. பி.எச். 8 என்றால் 19இல் ஒரு பங்கு. பி.எச். 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! ஒரு சொட்டு அம்மோனியாவும் புதிதாகச் சேராமலேயே, காலையில் பொறுக்கக்கூடியதாக இருந்த நீர் மாலையில் விஷமாகலாம். காலையில் மூச்சுத் திணறல், மாலையில் நச்சு. இந்த இரண்டு ஆபத்துகளும் வேறு வேறு நேரத்தில் வருகின்றன. மீன் இறந்த நேரம் காரணத்தைச் சொல்லும் முதல் சாட்சி.

நீங்களே செய்து பாருங்கள்

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் புரோமோதைமால் நீலம் என்னும் நிறங்காட்டி இருக்கும். அமிலத்தில் மஞ்சள், நடுநிலையில் பச்சை, காரத்தில் நீலம் காட்டுவது இது.

ஒரு முகவையில் குழாய் நீரை எடுத்து, சில சொட்டு நிறங்காட்டியைச் சேருங்கள். நீர் நீலமாகவோ நீலப்பச்சையாகவோ இருக்கும். உறிஞ்சு குழாய் மூலம் மெதுவாக ஊதுங்கள். தவறியும் உறிஞ்சிவிடாதீர்கள். உங்கள் மூச்சிலுள்ள கரியமில வாயுவால் நீர் மஞ்சளாகும். இந்த மஞ்சள் நீரை மூன்று சோதனைக் குழாய்களில் நிரப்புங்கள். முதல் குழாயில் வேலம்பாசித் துண்டு. இரண்டாவதிலும் வேலம்பாசித் துண்டு. ஆனால் வெளியே கறுப்புக் காகிதம் சுற்ற வேண்டும். மூன்றாவதில் செடியே வேண்டாம். மூன்றையும் தக்கையால் மூடி வெயிலில் வையுங்கள்.

சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதல் குழாய் பச்சையாகி, நீலத்தை நோக்கிப் போயிருக்கும். மற்ற இரண்டும் மஞ்சளாகவே இருக்கும். மூன்றாவது குழாய் எதற்கு என்று சிந்தியுங்கள். வெயில் மட்டுமே நிறத்தை மாற்றவில்லை என்று காட்டுவதற்காக. பிறகு முதல் குழாயை இரவு முழுவதும் இருட்டில் வைத்து, விடிந்ததும் பாருங்கள். நிறம் மஞ்சளின் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு சோதனைக் குழாய்க்குள் ஒரு பகலும் ஓர் இரவும்!

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

செடிகள் அடர்ந்த தொட்டியில் மோட்டார் மிகவும் தேவைப்படுவது இரவில்தான். மழைக்காலத்தில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். மீன்களை நெருக்கமாக அடைக்காதீர்கள். அழுகிய இலைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்களும் பிராணவாயுவுக்குப் பங்காளிகளே. படுக்கப் போகும் நேரத்தில் தீனி போடும் பழக்கம் வேண்டாம். மின்சாரம் நின்றுபோய் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், ஒரு குவளையால் நீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். 260 நாள் வேலையைச் சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

ஒரு விஷயம்: சண்டைமீன், கௌராமி போன்றவை காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உடையவை. அவை அவ்வப்போது மேலே வந்து போவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

தொட்டிக்கு வெளியே

இந்த ஏற்ற இறக்கம் தொட்டிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கரான ஹோவர்ட் ஓடம் 1956ஆம் ஆண்டில், ஓடும் நீரின் பிராணவாயுவை இரவும் பகலும் அளந்து, அதிலிருந்து அந்த ஓடை முழுவதும் எவ்வளவு உணவை உண்டாக்குகிறது, எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்கிடும் முறையை வகுத்தார். சார்லஸ் டேவிட் கீலிங் 1955ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பிக் சுர் காட்டில் காற்றை இரவும் பகலும் சேகரித்து அளந்தார். அங்கும் கரியமில வாயு இரவில் ஏறி, பிற்பகலில் இறங்கியது. பிறகு 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அவர் தொடங்கிய அளவீடு, பூமி முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறை இப்படி மூச்சு விடுவதைக் காட்டியது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு அடியில் கரியமில வாயு ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வருவதையும் அதே அளவீடுதான் உலகுக்கு அறிவித்தது. நாளுக்கு நாள் வந்து போகும் மாற்றம் எது, நிலையான மாற்றம் எது என்று பிரித்தறிந்ததால்தான் அது முடிந்தது. ஆகவே எதை அளந்தாலும், அளவுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

எங்கள் தொட்டியில் இப்போது எட்டு மீன்கள் இருக்கின்றன. பிழைத்த மூன்றும் அவற்றில் சில மாதங்கள் சேர்ந்து வாழ்ந்தன. மோட்டாரின் சத்தம் குறைய, அதன் அடியில் ஒரு பழைய ரப்பர்த் துண்டை வைத்திருக்கிறோம். ஒவ்வோர் இரவும் அதைப் போடுவது என் மகளின் பொறுப்பு. நான் மறந்தாலும் அவள் மறப்பதில்லை.